ஃபிரீசரில் ஐஸ் கட்டவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

கேள்வி:

வணக்கம். வீட்டில் இருப்பது இரண்டு கதவு ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ், மேலே ஃபிரீசர், வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் முதலில் கீழ்ப்பகுதியில் குளிர்ச்சி குறைந்தது, அப்புறம் ஃபிரீசரும் விழுந்துவிட்டது. ஐஸ் ட்ரேயில் மேலே மட்டும் ஏடு மாதிரி கட்டுகிறது, விரலால் அழுத்தினால் உடைந்து உள்ளே தண்ணீர். கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, தொட்டால் நல்ல சூடு.

மெக்கானிக் ஒருவர் வந்து பின்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கேஸ் தீர்ந்துவிட்டது, ரீசார்ஜ் பண்ண வேண்டும் என்றார். ஃபிரீசர் கதவைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏனென்றால் இடையில் வெளியூர் போனபோது இரண்டு நாள் பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து போட்டதும் புதுசு மாதிரி குளிர்ந்தது, எட்டு ஒன்பது நாள் நன்றாகவே ஓடியது, பிறகு மறுபடி அதே நிலைமை. கேஸ் இல்லை என்றால் அந்த எட்டு நாள் எப்படி ஓடியிருக்கும்? கையில் மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பயன்படுத்தத் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:

முதலில் சுலபமானதைப் பாருங்கள். கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், பிடிப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது. பின்னால் கண்டென்சர் காயில் (சூட்டை வெளியே விடுகிற கம்பிக் குழாய்) தெரிகிற மாடல் என்றால் தூசியைத் துடைத்துவிடுங்கள். உள்ளே காற்று வருகிற ஓட்டையை மறைத்து எதையாவது அடுக்கி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

பதில் 2:

பதினைந்து வருடமாக ஃபிரிட்ஜ் வேலைதான் செய்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது நண்பரே. இரண்டு நாள் நிறுத்தி வைத்தபின் எட்டு நாள் ஓடியது என்றீர்களே, அதுதான் விஷயம். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதேதான் சுற்றிச் சுற்றி வரும். குறைந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம், லீக் ஆன ஃபிரிட்ஜை இரண்டு நாள் அணைத்து வைத்தால் அது சரியாகிவிடாது.

ஃபிராஸ்ட் ஃப்ரீயில் குளிரும் காயில் ஃபிரீசரின் பின்சுவர் பேனலுக்குப் பின்னால் இருக்கும், ஒரு ஃபேன் அந்தக் குளிர்காற்றை மேலேயும் கீழேயும் தள்ளும். காயிலில் பனி படிவது இயல்பு. அதை உருக்கத்தான் டைமரோ எலக்ட்ரானிக் போர்டோ சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடுகிறது. அந்த உருக்கல் நடக்காவிட்டால் பனி நாளுக்கு நாள் ஏறி, காயிலின் தகடுகளுக்கு நடுவே காற்றுப் போகவே வழி இருக்காது. காயில் உறைந்து கிடக்கும், பெட்டி குளிராது. முதலில் கீழ்ப்பகுதி விழும், பிறகு ஃபிரீசர். நீங்கள் சொன்ன அதே வரிசை. இரண்டு நாள் திறந்து வைத்ததில் பனி உருகியது, மறுபடி மூடிக்கொள்ள எட்டு நாள் ஆகியிருக்கிறது.

பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தப் பேனலைத் திறந்து பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். காயில் முழுக்க மெல்லிசாக, ஒரே சீராகப் பனி இருந்தால் கேஸ் நன்றாக இருக்கிறது, ஃபேனைச் சந்தேகப்படலாம். முழுக்க வெள்ளையாகக் கட்டி அடைத்திருந்தால் டிஃப்ராஸ்ட், அதாவது பனி உருக்கலில் கோளாறு. முதல் ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் பனி, மிச்சமெல்லாம் மொட்டையாக இருந்தால்தான் கேஸ் லீக் பற்றிப் பேச வேண்டும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வைத்து மட்டும் பனியைக் குத்தாதீர்கள், தயவு செய்து. காயில் அலுமினியம், ஒரு கீறல் போதும், அப்போது நிஜமாகவே கேஸ் போய்விடும்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணா. இன்று காலை திறந்தேன். இரண்டு ஸ்க்ரூதான், ஆனால் பேனல் அசையவே இல்லை, ஐஸ் உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்து எடுத்தேன். காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைச் சுவர். ஃபேன் இறக்கையின் நுனியும் ஐஸில் உரசிய தடம் இருக்கிறது, சில நாளாக டர்ர் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது இதனால்தான் போல. இப்போது முழுக்க உருக விட்டிருக்கிறேன். எந்தப் பாகம் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 3:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. உருக வைத்தேன், டிஃப்ராஸ்ட் பாகங்களை எல்லாம் மாற்றினேன், கடைசியில் உண்மையான லீக். பேனலைத் திறந்தபோதே கேஸ் நுழைகிற பக்கம் மட்டும் ஒரு பந்து மாதிரி ஐஸ், மற்ற இடம் ஈரம்கூட இல்லை. அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. இப்படி இருந்தால் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். கம்ப்ரசர் லேபிளில் ஆர்600ஏ என்று போட்டிருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற வாயு. லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் போய்விடும்.

பதில் 2:

அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் உங்களுடையது வெள்ளைச் சுவர், அதனால் டிஃப்ராஸ்டை மட்டும் பார்ப்போம். உங்கள் மாடலில் டைமரா போர்டா? டைமர் என்றால் அதில் ஸ்க்ரூ டிரைவர் நுழைகிற ஒரு பிளவு இருக்கும், ஃபிரிட்ஜ் ஓடும்போது மெதுவாகத் திருப்புங்கள், டக் என்ற இடத்தில் கம்ப்ரசர் நிற்க வேண்டும். நின்றால் டைமரின் காண்டாக்ட் வேலை செய்கிறது. மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு, அதற்குப் பிளவில் ஒரு கோடு வரைந்து வைத்து சில மணி நேரம் கழித்து நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற மூன்றையும், அதாவது ஹீட்டர், தெர்மல் ஃபியூஸ், பைமெட்டல், பிளக்கைக் கழற்றிவிட்டு மீட்டரில் பாருங்கள். ஹீட்டர் மேல் வாட் போட்டிருந்தால் கணக்கு சுலபம்: 230 வோல்ட்டில் 200 வாட் ஹீட்டர் என்றால் கிட்டத்தட்ட 265 ஓம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. சூடு மிஞ்சினால் ஹீட்டருக்குக் கரண்டை அறுத்துவிடுகிற தெர்மல் ஃபியூஸ் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், ஒருமுறை போனால் போனதுதான்.

மூன்றாவது பைமெட்டல், காயில் குழாயில் கிளிப் மாதிரி மாட்டியிருக்கும் வட்டமான சின்னப் பாகம். நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது. அது ஹீட்டருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச், குளிரில்தான் மூடும், அதாவது இணைப்புக் கொடுக்கும். வெளியே எடுத்து சாதாரண அறைச் சூட்டில் மீட்டர் வைத்தால் நல்ல பைமெட்டலும் ஓபன் (இணைப்பு இல்லை) என்றுதான் காட்டும், உடனே கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். வெறும் ஐஸ் தண்ணீரும் போதாது, பல பைமெட்டல்கள் பூஜ்யத்துக்கும் கீழே போனால்தான் மூடும். உடைத்த ஐஸில் நிறைய உப்பைக் கலந்தால் -10 டிகிரிக்கும் கீழே இறங்கும். பைமெட்டலைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு அதில் பத்து நிமிடம் புதைத்து வைத்து, வெளியே எடுக்காமலே மீட்டர் வையுங்கள்.

கேட்டவர்:

டைமர்தான் அண்ணா. திருப்பினேன், டக் என்று கம்ப்ரசர் நின்றது, கோடும் நகர்ந்திருக்கிறது. ஹீட்டர் 271 ஓம், ஃபியூஸ் 0.3. பைமெட்டலை உப்பு ஐஸில் பத்து நிமிடம் இல்லை, இருபத்தைந்து நிமிடம் வைத்தேன், கவர் மேலேயே உறைபனி படிந்துவிட்டது, அப்போதும் ஓபன்தான். சந்தேகம் தீராமல் புதுசு ஒன்று வாங்கி அதே கிண்ணத்தில் வைத்தேன், நான்காவது நிமிடம் மீட்டர் பீப் அடித்தது! அதை மாட்டி இன்று ஆறாவது நாள். ஃபிரீசரில் பொட்டலங்களுக்கு நடுவே தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன், -18 காட்டுகிறது, கீழே ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் 4. கம்ப்ரசரும் நின்று நின்று ஓடுகிறது. கண் கலங்கிவிட்டது, நிஜமாக.

பதில் 2:

மிக்க மகிழ்ச்சி. ஒயரை வெட்டி ஒட்டியிருந்தீர்கள் என்றால் அந்த ஜாயின்ட்டில் வெறும் டேப்போடு விட்டுவிடாதீர்கள், அங்கே எப்போதும் ஈரம் இருக்கும், சீக்கிரம் பச்சை பிடித்து அறுந்துவிடும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகிக்கொள்கிற பிளாஸ்டிக் உறை) போட்டு, ஜாயின்ட்டைக் காயிலுக்கு மேல் பக்கமாகக் கட்டிவிடுங்கள். அப்படியே காயிலுக்குக் கீழே இருக்கிற தண்ணீர் ஓட்டையில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பின்னால் ட்ரேயில் வந்து விழுகிறதா பாருங்கள், இத்தனை நாள் ஐஸ் கட்டியதில் அது அடைத்திருக்கலாம். பத்து பன்னிரண்டு நாள் தாண்டியதும் ஒருமுறை பேனலைத் திறந்து பனி மெல்லிசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.