தந்தையைக் கொன்ற மகனுக்குப் பங்கில்லை, பேரனுக்கு?

கேள்வி:
தந்தையைக் கொலை செய்த மகனுக்கு அவருடைய சொத்தில் பங்கு கிடையாது என்பது தெரியும், அது நியாயமும்கூட. ஆனால் அந்தக் கொலையில் எவ்விதத் தொடர்பும் இல்லாத அம்மகனின் மனைவியும் குழந்தையும் பங்கு கேட்க முடியுமா? தந்தை உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பதில் 1:
இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 25ஆம் பிரிவு, கொலை செய்தவரோடு அதற்கு உடந்தையாக இருந்தவரையும் விலக்கி வைக்கிறது. பலரும் கவனிக்காத இன்னொரு பகுதியும் அதில் உண்டு. தந்தையின் நிலம் முழுவதும் தனக்கே வர வேண்டும் என்பதற்காகத் தம்பியைக் கொன்றவர், பின்னாளில் தந்தை இயற்கையாகவே இறந்தாலும், அந்த நிலத்துக்கு வாரிசாக முடியாது.

பதில் 2:
கேட்கப்பட்டது மனைவி, குழந்தையைப் பற்றி. 27ஆம் பிரிவின்படி, தகுதியிழந்தவர் சொத்துக்கு உரியவருக்கு முன்பே இறந்துவிட்டவராகக் கருதப்படுவார். இதை மட்டும் படித்தால், முன்னரே இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது மற்றவர்களுக்கு முன்னுரிமையோடு பங்கு பெறுபவர்கள், என்பதால், அவர்களுக்குப் பங்கு உண்டு என்றே தோன்றும். ஆனால் கொலையாளியை அறவே இல்லாதவராகக் கொள்ள வேண்டும், அவர் வழியாகப் புதிய வாரிசுக் கிளை தொடங்காது என்று பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவின் உச்ச மேல்முறையீட்டு அமைப்பாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1924இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2005இல் உச்ச நீதிமன்றமும் அதே கருத்தை ஏற்று, தந்தையைக் கொன்றவரின் மனைவி மாமனார் சொத்தில் கேட்ட உரிமையை மறுத்துவிட்டது. கணவர் வழியாகத்தானே அவர் மருமகளாகிறார்; அந்தக் கணவரே கணக்கில் இல்லை என்றால், உரிமை கோர வழியில்லை.

பதில் 3:
மனைவி விஷயத்திலாவது இதற்கு ஒரு காரணம் உண்டு. மனைவி பெறும் சொத்தைக் கணவர் அனுபவிக்கக்கூடும். ஆனால் பேரன் தாத்தாவின் இரத்தம். கொல்லப்பட்டவரே உயிரோடிருந்தால் அவனைத் தவிக்க விட்டிருப்பாரா? இங்கிலாந்திலும் முன்பு பேரப்பிள்ளைகளுக்கு இதே கதிதான். 2011இல் அங்கே சட்டத்தை மாற்றி, கொலையாளி முன்பே இறந்தவராகக் கருதப்படுவார், அவருடைய பிள்ளைகள் அந்தப் பங்கைப் பெறலாம் என்று தெளிவாக்கினார்கள். நம் 27ஆம் பிரிவிலும் ஒரு விளக்கத்தைச் சேர்த்து, பேரப்பிள்ளைகளின் உரிமையைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிறுவனின் சொத்து கொலையாளியின் கைக்குப் போய்விடுமே என்று அஞ்சுவோர், நீதிமன்றம் நியமிக்கும் காப்பாளரிடம் அதன் நிர்வாகத்தை ஒப்படைக்கக் கோரலாம். அதற்காகக் குழந்தையின் பங்கையே மறுப்பது முறையன்று.