லேண்டிங் நெட் கைப்பிடியை மூன்று மீட்டருக்கு நீட்ட என்ன வழி?

எண்ணூர்க்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட பாறைச் சுவர்களான தூண்டில் வளைவுகளில்தான் நான் மீன் பிடிப்பது. மேல் பாறையில் நின்றால் தண்ணீர் இரண்டு மீட்டர் கீழே கிடக்கும். மாட்டிய மீனை அள்ளித் தூக்கும் என் லேண்டிங் நெட்டின் கைப்பிடியோ 1.2 மீட்டர். கீழ்ப் பாறை முழுக்கப் பாசி. போன மாதம் அதில் இறங்கி வழுக்கி, முழங்காலில் ஏழு தையல்.

அதனால் ஒரு இன்ச் பிவிசி பைப்பை மூன்று மீட்டருக்கு வெட்டி, முனையில் மூணு நூல் (3/8 இன்ச்) நட்டு ஒன்றை எம்-சீல் வைத்து ஒட்டினேன். நெட்டின் திருகு இரண்டு சுற்று போனதும் இறுகியது. அது போதும் என்று நினைத்துவிட்டேன். ஞாயிறு காலை ஒரு கொடுவா, மூன்று கிலோவுக்குக் குறையாது, வலைக்குள் வந்தேவிட்டது. தூக்கினால் பைப் வில்லாக வளைகிறது. வளையம் அப்படியே ஒரு பக்கம் திரும்பி, கழன்று, மீனோடு விழுந்தது. தங்கூசி (தூண்டில் நரம்பு) சுற்றிக்கொண்டதால் நெட் மட்டும் திரும்பி வந்தது. மீன் முள்ளை உதறிவிட்டுப் போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

எந்தக் கம்பு போடலாம்? திருகு ஏன் முழுசாகப் போகவில்லை?

லேத்பட்டறை:
தம்பி, இரண்டு சுற்றில் இறுகினால் மரை வேறு என்று அர்த்தம். ஹார்டுவேர் கடையில் மூணு நூல் என்று கேட்டால் பெரும்பாலும் விட்வொர்த் என்ற பருமரை கொடுப்பார்கள், இன்ச்சுக்கு 16 மரை. இங்கிலாந்து வழக்கப்படி செய்த நெட்டுகளில் பிஎஸ்எஃப் என்ற நுண்மரை வரும். அதுவும் மூணு நூல்தான், ஆனால் இன்ச்சுக்கு 20 மரை. விட்டம் ஒன்றாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு சுற்று ஏறவும் செய்யும். பிறகு ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பலம் கொடுத்துத் திருகினால் நெட்டின் மரையே போய்விடும், இனி அதைச் செய்யாதே.

ஸ்கேலைத் திருகின் மேல் வைத்து அரை இன்ச்சுக்குள் எத்தனை முகடு என்று எண்ணிப் பார். பத்து வந்தால் பிஎஸ்எஃப். அதற்கேற்ற டேப் (உள்மரை வெட்டும் கருவி) உள்ள லேத்தில் பித்தளைத் துண்டு ஒன்றில் மரை வெட்டச் சொல். உள்ளே 25 மில்லியாவது மரை இருக்க வேண்டும்.

பிவிசியை மறந்துவிடு. நீளம் இரண்டரை மடங்கு ஆனால் அதே எடைக்கு வளைவு பதினைந்து மடங்குக்கு மேல் போகும்.

முகத்துவாரம்:
கல்மூங்கில்தான் சரி. சவுக்கும் தாங்கும், ஆனால் ஒரு கையில் தூண்டிலை வைத்துக்கொண்டு மறுகையில் சவுக்குக் கம்பைப் பிடித்து நிற்க முடியாது, தோள் போய்விடும். ஏணி கட்டுகிறவர்களிடம் நன்றாகக் காய்ந்ததாகக் கேள். பச்சையில் போட்டால் காய்ந்ததும் சுருங்கி, வெடிப்பும் விடும், பித்தளையும் ஆட ஆரம்பிக்கும்.

மெல்லிய நுனி நெட் பக்கம், தடித்த அடி உன் கையில். நுனியை ஒரு கணுவைத் தாண்டி ஒரு சாண் விட்டு வெட்டு. பித்தளையை அரால்டைட் பூசி இறக்கி, குறுக்கே ஒரு ஆணி. அப்புறம் நைலான் நூலை இடைவெளி இல்லாமல் நான்கு விரல் அகலத்துக்கு இழுத்துச் சுற்றி, அதன் மேலும் அரால்டைட். இந்தச் சுற்றை விட்டுவிடாதே, மூங்கில் பிளப்பது அங்கேதான்.

இன்னொன்று. மீன் வலைக்குள் வந்ததும் மண்வெட்டி மாதிரிக் கம்பைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. கம்பை நட்டமாக நிறுத்தி, கிணற்றுக் கயிறு போலக் கைமாற்றிக் கைமாற்றி மேலே இழு. அப்போது எடை நேராக இறங்கும், வளைவே இருக்காது.

எண்ணூர்க்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. எண்ணினேன், பத்து முகடு. வீட்டில் மாங்காய் பறிக்கிற அலுமினிய நீட்டுக்கம்பு ஒன்று இருக்கிறது. அது ஆகாதா? தூக்கிப் போக வசதியாக இருக்குமே.

லேத்பட்டறை:
மாங்காய் துள்ளாது தம்பி. பூட்டு இருக்கும் இடத்தில் மணலும் உப்பும் ஏறினால் இரண்டே வாரத்தில் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். அலுமினியத்தில் பித்தளை சேர்ந்தால் கடல் தண்ணீர் அதை இன்னும் சீக்கிரம் அரிக்கும். எல்லாவற்றையும் விட, மின்கம்பிக்குக் கீழே நடக்கும் இடங்களில் நீண்ட அலுமினியக் கம்பு உயிருக்கே ஆபத்து. காய்ந்த மூங்கில் பரவாயில்லை என்றாலும் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். எதை எடுத்துப் போனாலும் கம்பிக்குக் கீழே படுக்கவைத்தே தூக்கு.

எண்ணூர்க்காரன்:
செய்துவிட்டேன். 2.8 மீட்டர் கல்மூங்கில், பித்தளை மரை, நூல் சுற்று எல்லாம் அண்ணன் சொன்னபடியே. வாளியில் மூன்று கிலோ மண் போட்டு மொட்டைமாடியிலிருந்து தூக்கிப் பார்த்தேன், வளையம் அசையவில்லை. இன்று காலை ஒரு செப்பிலி, ஒன்றரைக் கிலோ. மேல் பாறையை விட்டுக் கால் நகரவே இல்லை.