பிகின், ஸ்டார்ட், கமென்ஸ்: எதை எங்கே போடுவது?

மழைக்குருவி:
'கூட்டம் 10 மணிக்குத் தொடங்கும்' என்று சக ஊழியர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டும். அகராதியில் பிகின், ஸ்டார்ட், கமென்ஸ் மூன்றுக்குமே 'தொடங்கு' என்றுதான் போட்டிருக்கிறது. எதைப் போட்டாலும் சரியா?

திண்ணைவாசி:
ஸ்டார்ட் போடுங்கள், போதும். பிகின் போட்டாலும் தப்பில்லை, கொஞ்சம் நிதானமாகத் தொனிக்கும், அவ்வளவுதான். கமென்ஸ் மட்டும் வேண்டாம், அது ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணம் மாதிரி இடங்களுக்கு உரியது, கூட வேலை பார்ப்பவருக்கு எழுதினால் விறைப்பாக இருக்கும். 1066-இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேச ஆரம்பித்தன, அந்த வழியாக வந்த கமென்ஸ் மாதிரி சொற்கள் பலவற்றுக்கு அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை. 'வாங்கு' என்று பொருள்படும் பை, பர்ச்சேஸ் ஜோடியும் அப்படித்தான், பர்ச்சேஸ்தான் மிடுக்கானது.

நூல்கண்டு:
ஒன்று விட்டுப்போச்சு. வண்டி, எந்திரம் என்றால் ஸ்டார்ட் மட்டும்தான். 'ஸ்டார்ட் த கார்' உண்டு, 'பிகின் த கார்' கிடையவே கிடையாது.

மழைக்குருவி:
அப்போ தெசாரஸ் (ஒத்த பொருளுள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் நூல்) பார்த்து மாற்றிப் போடலாமா?

திண்ணைவாசி:
அதில் சொற்கள் கொட்டிக் கிடக்கும், எது எங்கே பொருந்தும் என்பது பெரும்பாலும் இருக்காது. ஆங்கிலம் பயில்வோருக்கென்றே வரும் அகராதிகளில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். கனமழைக்கு ஹெவி ரெயின், பலத்த காற்றுக்கு ஸ்ட்ராங் விண்ட். 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதினால் இலக்கணப்படி பிழை இல்லைதான், ஆனால் காதில் உறுத்தும்.