புதுப்பிப்பு: அம்மாவின் கால் ஆபரேஷன், கிளெய்ம் பணம் வந்துவிட்டது

அம்மாவின் பெருவிரல் எலும்பு புடைத்ததற்குச் செய்யும் ஆபரேஷனை "அழகு சிகிச்சை" என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கேஷ்லெஸ்ஸை (ஆஸ்பத்திரி பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டுவதை) மறுத்ததை முன்பு எழுதியிருந்தேன். கையிலிருந்து கட்டி ஆபரேஷன் முடித்தோம். போன வாரம் பணம் வந்தது, பிசியோதெரபி தவிர.

கம்பெனியின் முடிவை மாற்றியது டாக்டரின் கடிதம்தான். முதலில் கொடுத்த சீட்டில் "ஹாலக்ஸ் வால்கஸ்" (இந்தப் புடைப்பின் மருத்துவப் பெயர்) என்று இரண்டே வார்த்தை. இரண்டாவதில், நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் விரல் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, அகலச் செருப்பும் மாத்திரையும் எத்தனை மாதம் பார்த்தும் வலி குறையவில்லை, மஞ்சக்குப்பம் மார்க்கெட் வரைகூட நடக்க முடியவில்லை என்று எல்லாம் எழுதிக் கொடுத்தார். அம்மா பக்கவாட்டில் பிளேடால் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்த செருப்பைப் படம் எடுத்து அதையும் இணைத்தேன், அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அப்புறம் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (கம்பெனிக்கு வெளியே இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் எல்லாவற்றுக்கும் சென்னை அலுவலகம்தான். மாஹேக்கு மட்டும் கொச்சி, ஏனாமுக்கு ஹைதராபாத். எங்களுக்கு அதுவரை போகவேண்டி வரவில்லை.

பாலிசி புதிது என்றால் காத்திருப்புக் காலத்தை (பாலிசி எடுத்தபின் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத காலம்) முதலில் பாருங்கள், எலும்பு மூட்டு ஆபரேஷன்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும்.