பேரேட்டிலிருந்து சிஆர்எம்முக்கு: பழைய கணக்கை ஏற்றியவர்களின் அனுபவம்

மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து:

மோட்டார் பம்ப் விற்று, பழுதும் பார்த்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் விவசாயிகள். 1989-லிருந்து பேரேடுகள் இருக்கின்றன, நடுவில் சில வருடங்கள் எக்செல். எல்லாவற்றையும் சிஆர்எம்மில், அதாவது வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருளில், ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று வாரம் என்று முதலாளியிடம் சொன்னேன். எட்டு மாதம் ஆகியும் முடியவில்லை.

முதலில் பெயரிலேயே மாட்டிக்கொண்டோம். திருவந்திபுரம் பெருமாள் பெயரை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் எத்தனை தேவநாதன்கள் இருப்பார்கள் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடலூர் பக்கம் போனால் ராமலிங்கம். சிஆர்எம்மோ கடைசிப் பெயர் இல்லாமல் ஆளைச் சேர்க்காது. உதவிக்கு வந்த பையன் இனிஷியலைக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டான். அப்புறம் பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்கினோம். தாத்தா, தாத்தா பெயர் வைத்த பேரன், பங்காளி என்று தனித்தனி போர்வெல் வைத்திருந்த மூன்று தேவநாதன்கள் ஒருவராகிவிட்டார்கள். ஏற்றுவதற்கு முன் கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம்.

இப்போது பெயரை வைத்து யாரையும் சேர்ப்பதில்லை. பேரேட்டு எண், பக்க எண் இரண்டையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண். அதோடு மோட்டாரின் சீரியல் எண். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள்.

அடுத்தது தேதி. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஓய்வு பெற்ற எங்கள் கணக்குப்பிள்ளை ஐயா. ஒருநாள் சும்மா பார்க்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “செப்டம்பர் 11-ல கிணத்துல வெள்ளம் பூந்து மோட்டார் முழுகிச்சுன்னு போட்டிருக்கியே, ஆவணியில ஏது தம்பி வெள்ளம்? அது தீபாவளிக்கு முத நாளு” என்றார். 2015 தீபாவளி நவம்பர் 10. அதற்கு முதல் நாள் கொட்டிய மழையை மறக்க முடியுமா, நெய்வேலியில் மட்டும் 48 சென்டிமீட்டர். பேரேட்டில் 9/11/2015 என்று சரியாகத்தான் இருந்தது. கணினியில் அமெரிக்கத் தேதி முறை இருந்ததால் மாதமும் நாளும் இடம் மாறிவிட்டன. 12-ஆம் தேதி வரை உள்ளவை சத்தமில்லாமல் மாறும். 13-லிருந்து மாறாது, வெறும் எழுத்தாக நின்றுவிடும். அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரிபோலவே தெரியும். மூலக் கோப்பை மறுபடி எடுத்து, தேதிப் பத்தியை டெக்ஸ்ட்டாக வைத்து, வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதி ஏற்றினோம்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் ஐயாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்கிறேன். பேரேட்டின் ஓரத்தில் அவர் கையெழுத்தில் என்னென்னவோ இருக்கும். ‘முந்திரி எடுத்ததும் பணம்’, ‘மகன் பேருக்கு மாற்றவும்’, ‘பெரியவர் தவறிட்டார், காரியம் முடியுமட்டும் போன் கூடாது’. ஏற்றித் தர வந்த நிறுவனத்தின் படிவத்தில் இவற்றுக்கு இடமே இல்லை. தேவையற்ற தகவல், விட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முப்பது வருடமாக ஒரு விவசாயி இன்னொரு கடைக்குப் போகாமல் எங்களிடமே வருகிறார் என்றால் அந்த ஓரக் குறிப்புதான் காரணம். குறிப்புக்கென்று தனிக் கட்டம் உருவாக்கி, பக்கத்தையும் ஸ்கேன் செய்து இணைக்கிறோம்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயலில் கூரைத் தகடு பறந்து ஆறு பேரேடுகள் நனைந்தன. மை பேனாவில் எழுதிய பக்கங்கள் கரைந்துபோயின, பால்பாயிண்ட் பக்கங்கள் நின்றன. கரைந்த பக்கங்களுக்கு ஐயாவின் ஞாபகம்தான் இப்போது பேரேடு.

முத்தியால்பேட்டை, புதுச்சேரியிலிருந்து:

எங்களுடையது கண்ணாடிக் கடை. பழைய பவர் சீட்டுகளை ஏற்றினோம். இங்கே உங்கள் தேவநாதன் சிக்கல் தலைகீழாக இருக்கும். ஒரே முருகன் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, பிரெஞ்சு முறையில் எம், ஓ, யூ என்று தொடங்கி வேறு மாதிரி. ஓட்டுநர் உரிமத்தில் ஒன்று, பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் மற்றொன்று. இரட்டைப் பதிவு என்று எங்கள் மென்பொருள் கண்டுபிடிக்கவில்லை. தொலைபேசி எண்ணை வைத்துப் பார்க்கலாம் என்றால், எக்செலில் புதுச்சேரிக் குறியீடான 0413-இன் முதல் பூஜ்யம் காணாமல் போயிருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. புதுப் பதிவு வந்தால் தானாக வரவேற்புச் செய்தி போகும்படி அமைத்திருந்தோம். பழைய பதிவுகளை ஏற்றும்போது அதை அணைக்க மறந்துவிட்டேன். சிஆர்எம்முக்கு எல்லாமே புதுப் பதிவுதானே. இரண்டு நாள் கழித்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். நாலு வருடம் முன்பு இறந்துபோன கணவர் பெயரைச் சொல்லி வாழ்த்து வந்திருந்ததைக் காட்டினார். சண்டை போடவில்லை. “அவரு நம்பரைத்தாம்பா நான் வெச்சிருக்கேன்” என்றார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டேன். என்னால் அன்று வேலை பார்க்க முடியவில்லை. தயவுசெய்து ஏற்றும் முன் தானியங்கிச் செய்திகள் எல்லாவற்றையும் அணையுங்கள். பத்துப் பதிவுகளை ஏற்றிப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஏற்றும் நாள்தான் உருவாக்கிய தேதியாக விழும். பழைய தேதியே வேண்டுமென்றால் அதற்கான அனுமதியை நிர்வாகி முதலிலேயே திறந்துவிட வேண்டும்.

வில்லியனூரிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். பின்கோடை வைத்து மாநிலத்தை நிரப்பாதீர்கள். நாங்கள் 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் கடலூர் என்று போட்டோம். ஆரோவில் 605101, ஆனால் அது விழுப்புரம் மாவட்டம். பாகூர் 607402, ஆனால் அது புதுச்சேரி. ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு 33-க்குப் (தமிழ்நாடு) பதில் 34 (புதுச்சேரி) என்று மாறினால் பில்லில் வரியே மாறிவிடும், வெளி மாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் உள்மாநில வரி விழும். ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் திருத்தினோம்.

மீண்டும் மஞ்சக்குப்பத்திலிருந்து:

முத்தியால்பேட்டை நண்பர் எழுதியதைப் படித்ததும் முதல் வேலையாக எங்கள் தானியங்கிச் செய்திகளைப் போய்ப் பார்த்தேன். ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அணைத்துவிட்டேன். ‘தவறிட்டார்’ என்ற குறிப்புள்ள பக்கங்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஐயா வருகிறார், அவற்றைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம்.