காணும் பொங்கலன்று வேடந்தாங்கல் கரையை மூடினால் என்ன?

தாம்பரம் தாரா:
நேற்று பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக வேடந்தாங்கல் போயிருந்தேன். காலையில் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தேன். எட்டு மணி வரை சொர்க்கம். பத்து மணிக்கு மேல் கரையில் கால் வைக்க இடமில்லை. ஒருவர் ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டே நடக்கிறார். நாலு பையன்கள் 'ஓ'வென்று கத்திக் கை தட்டுகிறார்கள், பறவை கூட்டமாக எழும்பினால் வீடியோ நன்றாக வருமாம். கரைக்குக் கிட்டே இருந்த மரத்தில் பத்துப் பதினைந்து நத்தை குத்தி நாரைகள் எழும்பின. அவை திரும்பி வந்து உட்காருவதற்குள் காக்கை ஒன்று கூட்டை எட்டிப் பார்த்தது.

தை பிறக்கும்போது பல கூடுகளில் குஞ்சு இருக்கும். மொத்தமே சுமார் 30 ஹெக்டேர் ஏரி, அதாவது 75 ஏக்கர். காணும் பொங்கலன்று கரையை மூடுங்கள், மற்ற நாட்களில் இத்தனை பேர்தான் என்று முன்பதிவு வையுங்கள் என்கிறேன். யாருக்கு ஆட்சேபம்?

ஏரிக்கரையான்:
எனக்கு. நான் பக்கத்து ஊர், அந்த ஏரிப் பாசனத்தில் எங்களுக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. கத்தின பையனை நாலு சாத்து சாத்தினால்கூட நான் கேட்க மாட்டேன். ஆனால் மூடு என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஏரியைக் காப்பாற்றியது யார் என்று பாருங்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் லயனல் பிளேஸ் என்கிற கலெக்டர் இங்கே யாரும் சுடக்கூடாது என்று கவுல், அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858-ல் அதைப் புதுப்பித்தார்கள். சரணாலயம் என்ற பெயர் வந்ததே 1936-ல்தான். அதுவரை எந்த வன அலுவலர் காவல் காத்தார்?

எல்லாம் பாசத்தால் செய்தது என்று கதை விட மாட்டேன். பறவை எச்சம் தண்ணீரில் விழும், மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் வயலுக்கு உரமாக வரும். எங்கள் அப்பா அந்த நிலத்துக்கு யூரியா மூட்டையைத் தொடவே யோசிப்பார். அதற்குக் கைம்மாறாகத் தீபாவளிக்கு வெடி வைக்காமல் இருக்கிற ஊர் அது. வருஷத்தில் இரண்டு மூன்று நாள் நல்ல கூட்டம் வந்தால் வடை, வேர்க்கடலை, கரும்புச் சாறு விற்று நாலு காசு பார்க்கிறார்கள். அதற்கும் பூட்டா?

சந்தேகச் சாமி:
உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். கூட்டத்தால் பறவை குறைந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? காக்கை எட்டிப் பார்த்தது ஆதாரம் ஆகாது, காக்கை எங்கேயும் எட்டிப் பார்க்கும்.

அங்கே கூடு இருப்பது தண்ணீருக்குள் நிற்கிற நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும். கீழே தண்ணீர் இருக்கிற வரை பூனையோ கீரியோ கிட்டே வராது. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றி ஏரி காய்ந்தால், ஒரு மனிதர்கூடக் கரையில் இல்லாவிட்டாலும் பறவை தங்காது. வரத்துக் கால்வாயைத் தூர் வாருவதைப் பற்றிப் பேசாமல் வடைக் கடைக்காரர் வயிற்றில் அடிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இன்னொன்று. பறவைக்கு ஏரி படுக்கையறை மாதிரி. சாப்பாடு வெளியேதான், சுற்றியுள்ள நெல் வயலிலும் மற்ற ஏரிகளிலும். அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2020-ல் அதை 3 கி.மீ. ஆக்கப் பார்த்தார்கள். பெரிய எதிர்ப்புக்கு அப்புறம்தான் அது நின்றது. அந்த 2 கி.மீ. பெரிதா, கை தட்டின பையன் பெரிதா?

தாம்பரம் தாரா:
இரண்டும் பெரிது என்று சொல்ல ஏன் கூடாது? 2020-ல் அதை எதிர்த்து நானும் கையெழுத்துப் போட்டவள்தான். மழை என் கையில் இல்லை, தொழிற்சாலை என் கையில் இல்லை, ஸ்பீக்கர் நம் கையில் இருக்கிறது. அதைச் சொன்னால் உடனே 'பெரிய பிரச்சினையைப் பாரு' என்பது இந்த ஊரின் பழைய பல்லவி.

கூட்டமாகக் கூடு கட்டுகிற இடத்தில் தாய்ப் பறவை எழும்பிப் போனால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். ஒரு தடவை நடந்தால் ஒன்றுமில்லை. காலையிலிருந்து மாலை வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நடந்தால்?

ஏரிக்கரையான் அண்ணா, கவுல் கதையை நானும் மதிக்கிறேன். ஆனால் அன்று ஊரார் கேட்டதும் வெளியாட்களைத் தடுக்கச் சொல்லித்தானே? நான் கேட்பதும் அதுதான்.

மூன்றாம் கண்:
நல்ல வேளை, படம் எடுப்பவர்களை இதுவரை யாரும் திட்டவில்லை.

ஏரிக்கரையான்:
இதோ திட்டிவிடுகிறேன். பீரங்கி மாதிரி லென்ஸை நட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்ணைப் பார்த்து 'ஓரமா போம்மா' என்கிற ஆட்கள் நீங்கள்தானே?

தாரா கேட்டதற்கு வருகிறேன். நீ மடக்கினது சரிதான் தம்பி (தங்கச்சியோ, 'போட்டவள்' என்று இப்போதுதான் பார்த்தேன், மன்னிக்கணும்). ஆனால் அன்று கேட்டது துப்பாக்கிக்காரனை நிறுத்தச் சொல்லி. வேடிக்கை பார்க்க வந்தவனை இல்லை.

கணக்கு டீச்சர்:
வருஷா வருஷம் எட்டாம் வகுப்பை அங்கே அழைத்துப் போகிறேன், வார நாளில்தான். போன வருஷம் ஒரு பையன், 'மிஸ், இது ஏன் வாயைச் சரியாவே மூடலை?' என்றான். நத்தை குத்தி நாரையைத்தான். அலகின் நடுவில் இடுக்கு தெரியும், நத்தையைப் பிடிக்க வசதி என்று சொன்னேன். வகுப்பில் ஒரு நாளும் வாய் திறக்காத பையன் அவன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தனை பேருக்கும் கையை அலகு மாதிரி வைத்து நடித்துக் காட்டினான்.

அதற்காக எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளி இல்லை. அன்றைக்கே இன்னொரு பள்ளியிலிருந்து மூன்று பஸ் வந்தது, பெயர் வேண்டாம். ஆசிரியர்கள் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள், பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ஆக, கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நான் தாரா பக்கம்.

முன்பதிவுக்கு மட்டும் நான் எதிரி. முன்பதிவு வைத்தால் தாராவுக்கும் எனக்கும் இடம் கிடைக்கும், கைபேசியில் தட்டத் தெரிந்தவர்கள் நாம். காணும் பொங்கலுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு, வேன் பிடித்து, பாட்டியோடு வருகிற குடும்பத்துக்குக் கிடைக்காது. வருஷத்தில் அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள். நீங்கள் அதைத்தான் மூடச் சொல்கிறீர்கள்.

தாம்பரம் தாரா:
அந்தப் பாட்டி எனக்கு உறைக்கிறார் டீச்சர். சரி, முன்பதிவை விட்டுவிடுகிறேன். அதற்குப் பதில், நுழைவுக் கட்டணத்திலிருந்து கூலி கொடுத்து ஊர்ப் பையன்கள் இருபது பேரை அந்த நாட்களில் கரையில் நிறுத்தட்டும். ஸ்பீக்கரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் வெடி வைக்காத ஊர்க்காரர்களுக்கு வனத்துறை இனிப்பு கொடுக்கிறதே, அது மாதிரி.

சந்தேகச் சாமி:
இனிப்பு! அந்த 5 கி.மீ.க்குள் பட்டா நிலம் வைத்திருக்கிறவருக்கு அரைக் கிலோ மைசூர்பாகு. கணக்கு சரியாகிவிட்டதா?

ஏரிக்கரையான்:
சாமி இப்போதுதான் சரியான இடத்தில் கை வைத்தார். 2020-ல் எல்லோரும் பறவைக்காகப் பேசினீர்கள், நல்லது. ஆனால் எங்கள் தெருவிலேயே இரண்டு கட்சி. கட்டுப்பாடு குறைந்தால் வேலை வரும் என்றது ஒன்று, வேலை வரும் ஆனால் கிணற்றுத் தண்ணீர் போகும் என்றது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. முதல் கட்சிக்காரன் கெட்டவன் இல்லை, அவன் மகன் தினமும் வேலைக்கு மறைமலைநகர் போய் வருகிறான்.

2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலி சரணாலயமும் வந்தன. ஊரில் நான்கு பேரிடம் கேட்டால் மூன்று பேருக்கு ராம்சார் என்றால் என்னவென்று தெரியாது. எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால்தானே தெரியும்? இருபது பையன்கள் யோசனைக்கு நான் தயார். கூலி மட்டும் அன்றைக்கே கையில் வர வேண்டும், அடுத்த தை வரைக்கும் அலைய முடியாது.

மூன்றாம் கண்:
அந்த இருபது பேரில் ஒருவரை லென்ஸ்காரர்களைக் கவனிக்கவே போடுங்கள். நானே சொல்கிறேன்.

சந்தேகச் சாமி:
தூர் வாருவதைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஏரிக்கரையான்:
சித்திரையில் ஏரி வற்றும்போது மண்வெட்டியோடு வாருங்கள் சாமி, பதில் சொல்கிறேன். அப்புறம் தாரா, கேட்க மறந்தே போனேன். கணக்கெடுப்பில் கூழைக்கடா எத்தனை வந்தது? போன வருஷத்தை விடக் கூடவா?

தாம்பரம் தாரா:
தெரியவில்லை அண்ணா. மேற்குப் பக்க மரங்கள் வரைக்கும்தான் எண்ணி முடித்திருந்தேன். மீதியை எண்ண ஆரம்பிக்கும்போதுதான் கை தட்டினார்கள்.