உள்ளே இருப்பவருக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க நாங்கள் பட்ட பாடு

என் மச்சான் மத்திய சிறை ஒன்றில் விசாரணைக் கைதியாக இருந்தபோது நடந்தது இது. வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம்.

குற்றப்பத்திரிகை நகலை கோர்ட்டில் இலவசமாகத்தான் கொடுத்தார்கள். அது சட்டப்படியே உள்ளது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 207-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 230-வது பிரிவு, ஆஜரானதிலிருந்து 14 நாளுக்குள் தந்தாக வேண்டும். ஆனால் கைக்கு வந்தது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பதிவில், நேரம் எழுதியிருந்த இடம் ஒரே கறுப்பு, சாட்சி வாக்குமூலங்களில் ஓரத்து எழுத்துகளைக் காணவே காணோம்.

மச்சான் அதைத் தானே படித்துக் குறிப்பெடுத்து, கோர்ட்டுக்கு ஒரு மனு, வக்கீலுக்கு ஒரு பிரதி, தனக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள நினைத்தார். சிறை ஆபீஸில் ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது, ஆனால் அது ஆபீஸ் வேலைக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரே மனுவை மூன்று முறை கையால் எழுதினார். காகிதங்களை வெளியே அனுப்பி, கோர்ட் வாசலில் நாங்கள் ஜெராக்ஸ் போட்டு, அடுத்த முறை மச்சானைப் பார்க்கப் போகும் நாளில் திரும்பக் கொடுத்தால் சிறை கேட்டில் ஸ்டேப்ளர் பின்னையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கட்டுக் கலைந்து எந்தத் தாள் எந்த வாக்குமூலத்தின் தொடர்ச்சி என்றே தெரியாமல் போய்விட்டது. அப்புறம் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பேனாவால் எண் போட்டு, நூலால் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தோம். யாராவது புதிதாகப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே இப்படிச் செய்துவிடுங்கள்.

படிக்க முடியாத பக்கங்களைப் பட்டியல் போட்டு, குற்றச்சாட்டு வனைவதற்கு (எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று கோர்ட் எழுதிப் பதிவதற்கு) முன்பே வக்கீல் மனு போட்டார். மாஜிஸ்திரேட் அந்த மகஜரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தெளிவான நகல் கொடுக்கச் சொன்னார்.

கேண்டீனில் பிஸ்கெட் வாங்கினால் கைதியின் கணக்கில் பிடித்துக்கொள்கிறார்கள் இல்லையா, அதே கணக்கில் பக்கத்துக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? தன் வழக்கைத் தானே படிக்க நினைக்கிறவனுக்கு இதுகூடக் கிடையாதா?

---

நண்பரே, நான் சட்ட உதவித் தன்னார்வலராகச் சிறைக்குப் போய்வந்திருக்கிறேன். தண்டனை ஆனவர்களுக்கு இன்னும் மோசம், தீர்ப்பு நகல் கையில் இல்லாமலே அப்பீல் கெடு ஓடிவிடும். 1978-ல் ஹோஸ்காட் வழக்கில் இதுதான் பிரச்சினை. உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் தனக்கு வரவே இல்லை என்றார் கைதி, கொடுத்தோம், கருணை மனுவோடு இணைக்கத் திரும்ப வாங்கிக்கொண்டோம் என்றது சிறை நிர்வாகம், கைதி கையெழுத்துப் போட்ட ரசீது எதுவும் இல்லை. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வருவதற்குள் தண்டனையையே முழுதாக அனுபவித்து முடித்திருந்தார். நகலை உடனே கைதியிடம் சேர்த்து, எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அதில்தான் சொன்னது.

சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாகத் தர வேண்டும். அப்பீலையும் நகலையும் சிறை சூப்பிரண்டு கையில் கொடுத்தாலே போதும், அவர் கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். உங்கள் மச்சான் போலக் காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு. ஜெராக்ஸ் விஷயத்தை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் பதிவே இருக்காது. சட்ட உதவி எண்ணான 15100-க்கும் கூப்பிடலாம்.